வெற்றிடத்தைப் பிடித்த மேயர்

நம்ம கல்லூரிப் பழைய மாணவர் கூட்டம் எது நடந்தாலும் ஒரு புலம்பல் கட்டாயம் காதில் விழும். படிச்சது ஒண்ணு, பார்க்கிறது ஒண்ணு. மெக்கானிக்கல் முடித்தவர் பேங்கில் இருக்கிறார். சிவில் முடித்தவர் ஊராட்சித் தலைவராகி ரேஷன் கார்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார். எலெக்ட்ரிகல் முடித்த இன்னொருவர் நகராட்சி அலுவலகத்தில் ஃபைலோடு மல்லுக்கட்டுகிறார். நாலு வருஷம் லேபில் ரீடிங் எடுத்ததெல்லாம் வீணாகப் போச்சே என்று ஒரு பெருமூச்சு.

இந்தப் பெருமூச்சு விடுகிற நண்பர்களுக்காகவே இந்தக் கட்டுரை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மேயரைப் பற்றியது. முனிசிபல் வேலைதான் அவருக்கு முழு நேரத் தொழில். விஞ்ஞானம் மிச்ச நேரத்தில். அந்த மிச்ச நேரத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் நாம் எல்லோரும் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படம் போட்டுப் படித்தோம். இரண்டு அரைக்கோளங்கள், இந்தப் பக்கம் எட்டுக் குதிரை, அந்தப் பக்கம் எட்டுக் குதிரை. மக்டபர்க் அரைக்கோளங்கள் என்ற பெயரும் ஞாபகம் இருக்கும். அதைச் செய்தவர் அந்த ஊர் மேயர் என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது.

அவர் பெயர் ஓட்டோ வான் கெரிக்கே.

படிப்பும் நகரமும்

ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது மக்டபர்க். 1602 நவம்பரில் அங்கே வசதியான குடும்பத்தில் பிறந்தார் கெரிக்கே. நகர நிர்வாகத்தில் பங்கு வகித்துவந்த குடும்பம். அதனால் பையனைச் சட்டம் படிக்க அனுப்பினார்கள். லைப்சிக், ஹெல்ம்ஸ்டெட், யேனா என்று பல்கலைக்கழகங்கள் மாறிப் படித்தார். பிறகு ஹாலந்தில் லைடன். அந்த நாளில் கணிதமும் கோட்டை கட்டும் கலையும் கற்க லைடன் பேர்போன இடம். சட்டம் படிக்கப் போன பிள்ளை அங்கே என்ஜினீயரிங்கும் கற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து, பிரான்ஸ் எல்லாம் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். 1626ல் மார்கரெட்டே என்ற பெண்ணோடு கல்யாணம். அதே வருஷம் நகர சபை உறுப்பினர். கட்டடப் பொறுப்பு அவரிடம் வந்தது.

இதுவரை எல்லாம் சுமுகம். சொத்து, குடும்பம், உத்தியோகம். இருபத்தெட்டு வயதில் அத்தனையும் ஒரே நாளில் போனது.

1618ல் தொடங்கிய முப்பதாண்டுப் போரில் ஐரோப்பா அப்போது எரிந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டன்ட்கள் ஒரு பக்கம், நடுவில் மன்னர்களின் பேராசை. மக்டபர்க் புராட்டஸ்டன்ட் நகரம். ஸ்வீடன் மன்னர் கஸ்டாவஸ் அடால்ஃபஸ் காப்பாற்றுவார் என்று நம்பி, பேரரசரின் படைக்குப் பணிய மறுத்தது. ஸ்வீடன் படை வந்து சேரவில்லை. 1631 மே 20ஆம் தேதி டில்லி, பாப்பன்ஹைம் என்ற தளபதிகளின் படை மதிலைத் தாண்டி உள்ளே புகுந்தது. கொள்ளை, கொலை, தீ. ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர் இருந்த நகரில் இருபதாயிரம் பேர் வரை மடிந்தார்கள் என்பது கணக்கு. பேராலயமும் சில வீடுகளும்தான் நின்றன. மறு வருஷம் எண்ணிப் பார்த்தபோது ஊரில் ஐந்நூறு பேர்கூட இல்லை.

கெரிக்கே குடும்பம் உயிர் பிழைத்ததே பெரிசு. அவர்களைப் போர்க் கைதிகளாகப் பிடித்துப்போனார்கள். மீட்புப் பணம் கட்டிய பிறகுதான் விடுதலை. வீடு இல்லை, பணம் இல்லை. பிழைப்புக்காக ஸ்வீடன் படையில் என்ஜினீயர் வேலைக்குச் சேர்ந்தார். எர்ஃபர்ட் நகரின் கோட்டைப் பணி. அந்த முற்றுகை நாட்களில் தாம் கண்டதைப் பின்னாளில் ஒரு வரலாறாகவும் எழுதி வைத்தார். மக்டபர்க்கின் அழிவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்காமல் எழுதுவதில்லை.

வேறு ஊரில் செட்டிலாகியிருக்கலாம். அவரோ இடிபாட்டுக்கே திரும்பி வந்தார். எரிந்துபோன நகரத்தை அளந்து, புதிதாக எப்படிக் கட்டலாம் என்று வரைபடம் போட்டார். ஆற்றுப் பாலங்களைச் சீர் செய்யும் வேலையில் இறங்கினார். 1641ல் நகரப் பொருளாளர். 1646ல் மேயர்களில் ஒருவர். அதன் பிறகு சுமார் முப்பது வருஷம் அந்தப் பொறுப்பு அவர் தோளில்தான்.

கெஞ்சப் போன இடங்கள்

மேயர் என்றால் ரிப்பன் வெட்டுகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் படைகள் தங்கியிருந்தன. அவர்களுக்குச் சோறு போட்டே நகரம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. போர் முடிந்தால் நகரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வேறு. மக்டபர்க்குக்கு ஒரே ஒரு ஆசைதான். எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், நேரே பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக இருக்க வேண்டும். முதலாம் ஓட்டோ பேரரசர் 940ல் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஓர் உரிமைப் பத்திரத்தை அதற்கு ஆதாரம் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பத்திரத்தின் அசல் கையில் இல்லை.

பட்டா இல்லாத நிலத்துக்குத் தாலுகா ஆபீஸ் அலைந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். கெரிக்கே அலைந்தது டிரெஸ்டன், ஆஸ்னபுரூக், வியன்னா, ரெகன்ஸ்பர்க். 1648ல் போரை முடித்துவைத்த வெஸ்ட்ஃபாலியா சமாதானப் பேச்சுக்கும் அவர் போனார். ஒப்பந்தத்தில் நகரத்துக்குச் சாதகமாக ஒரு வரி சேர்க்கவும் முடிந்தது. ஆனால் அதே ஒப்பந்தம் மக்டபர்க் பேராயத்தின் நிலப்பகுதியைப் பிராண்டன்பர்க் ஆட்சியாளருக்கு எழுதிக் கொடுத்தது. அப்போதிருந்த நிர்வாகி காலமானதும் அது அவருக்குப் போய்ச் சேரும் என்று ஏற்பாடு. வாங்கின வரி காகிதத்திலேயே நின்றது. மாதக்கணக்கில் அயலூரில் தங்கி, பெரிய மனிதர்களின் வாசலில் காத்திருந்து, நயந்து பேசி, மனு எழுதி, ஏறக்குறைய இருபது வருஷம் இப்படியே ஓடியது.

இதற்கு நடுவில் 1645ல் மனைவி இறந்தார். மூன்று குழந்தைகளில் இரண்டு சிறு வயதிலேயே போய்விட்டன. 1652ல் மறுமணம் செய்துகொண்டார்.

பீப்பாயில் தொடங்கியது

இந்த மனுஷனுக்கு விஞ்ஞானத்துக்கு எங்கே நேரம் கிடைத்தது?

அவர் மனத்தில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. நட்சத்திரங்களுக்கும் கிரகங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கோப்பர்னிகஸ் சொன்ன மாதிரி பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் அது எதற்குள் சுற்றுகிறது? அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இயற்கை வெற்றிடத்தை அனுமதிக்காது என்பது வேதவாக்கு. பல்கலைக்கழகங்களில் இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் தர்க்கம் நடந்துகொண்டே இருந்தது. கெரிக்கே என்ஜினீயர். தர்க்கம் வேண்டாம், செய்தே பார்த்துவிடலாம் என்றார்.

முதல் முயற்சி ஒரு மரப் பீப்பாய். நிறையத் தண்ணீர் ஊற்றி இறுக்கி அடைத்தார். அடியில் தீயணைக்கப் பயன்படும் பித்தளைப் பீச்சாங்குழலைப் பொருத்தித் தண்ணீரை வெளியே இழுக்கச் சொன்னார். தண்ணீர் போன இடம் காலியாகத்தானே இருக்க வேண்டும்? பார்த்தால், மரத்தின் துளைகள் வழியாகக் காற்று ஸ்ஸ்ஸென்று உள்ளே நுழைகிறது. சரி, பீப்பாய்க்குள் பீப்பாய் வைத்துப் பார்ப்போம் என்றார். அதிலும் கசிவு. மரம் உதவாது என்று தெரிந்ததும் செம்புக் கோளத்துக்கு மாறினார். தண்ணீர் வேண்டாம், காற்றையே நேராக இழுப்போம் என்றும் துணிந்தார். ஆட்கள் பலங்கொண்ட மட்டும் பிஸ்டனை இழுத்தார்கள். கடைசி நேரத்தில் படாரென்று பெரிய சத்தம். செம்புக் கோளம் காலி டப்பா மாதிரி நசுங்கிக் கிடந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மெட்டீரியல் சரியில்லை, பட்ஜெட் இல்லை என்று ரிப்போர்ட் எழுதி மூடியிருப்போம். கெரிக்கே யோசித்தார். கோளம் சரியான உருண்டையாக இல்லை, தட்டையாக இருந்த இடத்தில் அழுத்தம் தாங்காமல் நசுங்கிவிட்டது என்று கண்டுகொண்டார். நல்ல உருண்டையாக இன்னொன்று செய்யச் சொன்னார். அது நின்றது. குழாயைத் திறந்தபோது காற்று உள்ளே பாய்ந்த வேகம் அருகில் நின்றவரை இழுக்கப் பார்த்தது. டாலரன்ஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த டிசைன் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

இப்படி 1650ஐ ஒட்டிய வருஷங்களில் பிறந்ததுதான் காற்றை வெளியேற்றும் பம்பு. பிறகு அதை மூன்று கால் தாங்கியில் நிறுத்தி, நெம்புகோல் வைத்து, வால்வுகளில் கசிவு வராமல் தண்ணீரால் மூடி மேம்படுத்தினார்.

1654ல் ரெகன்ஸ்பர்க் பேரரசு மன்றத்துக்கு ஊர் வழக்கோடு போனபோது கருவிகளும் கூடவே போயின. மூன்றாம் பெர்டினாண்ட் பேரரசரும் பிரபுக்களும் பார்க்கச் செய்து காட்டினார். இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயில் வெற்றிடம் காட்டிய சேதி கெரிக்கேக்கு அங்கேதான் முதலில் தெரியவந்தது. அதுவரை அவர் தனியாக, தம் வழியிலேயே வந்திருந்தார்.

பதினாறு குதிரைகள்

இங்கே ஒரு திருத்தம். குதிரைச் சோதனை 1654ல் ரெகன்ஸ்பர்க்கில் பேரரசர் முன்னால் நடந்ததாகப் பல புத்தகங்களில் போட்டிருக்கும். குதிரைகளை வைத்து அவர் முதலில் காட்டியது 1657ல், சொந்த ஊரான மக்டபர்க்கில் என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்கள் பிறகு கண்ட முடிவு. 1663ல் பெர்லினில் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் அவையிலும் காட்டினார்.

ஏறத்தாழ அரை மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு அரைக்கோளங்கள். நடுவில் மெழுகும் டர்பன்டைனும் ஊறிய தோல் வளையம். ஆணி இல்லை, போல்ட் இல்லை, வெல்டிங் இல்லை. உள்ளே இருந்த காற்றை எடுத்தாயிற்று, அவ்வளவுதான். பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகள் இழுத்தும் லேசில் பிரியவில்லை. பிரிந்தபோது பீரங்கி வெடித்த மாதிரி சத்தம். ஆனால் வால்வைத் திறந்து காற்றை விட்டால் போதும், ஒரு குழந்தைகூடக் கையால் பிரித்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மீட்டர் குறுக்களவு என்றால் பரப்பு சுமார் 1,960 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. மொத்தம் இரண்டு டன். நம் எல்லோர் தலை மேலும் இருக்கிற அதே காற்றுதான்.

நம் ஆட்களுக்கு இன்னொரு கேள்வியும் தோன்றும். ஒரு பக்கக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அந்தக் கயிற்றை ஒரு கனமான சுவரில் கட்டியிருந்தாலும் இழுவிசை அதேதானே? அதேதான். விசைக்கு எதிர்விசை பற்றி நியூட்டன் எழுதிய புத்தகம் 1687ல் வந்தது, கெரிக்கே காலமாகி மறுவருஷம். ஆனால் சுவரும் எட்டுக் குதிரையும் என்றால் கூட்டத்துக்குப் பாதிதான் சுவாரஸ்யம். முப்பது வருஷம் ஜனங்களோடு பழகின மேயருக்கு இது தெரியாமலா இருக்கும்!

இதோடு நிற்கவில்லை. பிஸ்டன் போட்ட ஓர் உருளையைக் காற்று நீக்கிய பாத்திரத்தோடு இணைத்தார். பிஸ்டனில் கட்டிய கயிற்றை ஐம்பது பேர் வரை பிடித்துக்கொண்டார்கள். குழாயைத் திறந்ததும் பிஸ்டன் கீழே இறங்கி அத்தனை பேரையும் இழுத்தது. வெற்றிடத்தில் மணி ஓசை மங்குகிறது, மெழுகுவர்த்தி அணைகிறது, ஆனால் வெளிச்சம் தடையின்றிப் போகிறது என்றும் காட்டினார். பாத்திரத்தைக் காற்றோடும் காற்றில்லாமலும் நிறுத்துப் பார்த்து, காற்றுக்கு எடை உண்டு என்றார்.

வீட்டுக்கு வெளியே மாடி உயரத்துக்குக் குழாய் நிறுத்தித் தண்ணீரை வெற்றிடத்தால் மேலே ஏற்றிப் பார்த்தார். ஏறக்குறைய பத்து மீட்டர் ஏறியது, அதற்கு மேல் அசையவில்லை. நம்ம ஊரில் கிணற்றுத் தண்ணீர் கீழே போகப் போக, மோட்டாரைக் கிணற்றுக்குள்ளே திட்டு கட்டி இறக்கி வைப்பார்களே, அந்த விஷயம்தான். மேலே இருக்கிற பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, கிணற்றில் இருக்கிற காற்று தள்ளுகிறது. காற்றுக்குத் தள்ளத் தெம்பு அவ்வளவுதான். நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்கு மேல் பம்பு திணறும்.

அந்தத் தண்ணீர் மட்டம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவதையும் கவனித்தார். மேலே கண்ணாடிப் பகுதியில் ஒரு சின்ன மர பொம்மையை மிதக்கவிட்டார். பொம்மை கை காட்டுகிற இடத்தைப் பார்த்து வானிலை சொல்லலாம். 1660ல் பொம்மை வழக்கத்துக்கு மாறாகச் சரசரவென்று கீழே இறங்க, புயல் வருகிறது என்று முன்கூட்டியே சொன்னார். வந்தது.

தோற்ற வழக்கு

சோதனைகள் ஒவ்வொன்றாக ஜெயித்தன. ஊர் வழக்கு தோற்றது.

1666ல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் பெரும் படையோடு வந்து நின்றார். இன்னொரு 1631ஐத் தாங்க ஊருக்குத் தெம்பில்லை. சண்டை இல்லாமல் நகரம் பணிந்தது. விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, அவருடைய காவல் படையையும் உள்ளே விட்டது. இருபது வருஷ அலைச்சலுக்கு இதுதான் முடிவு. விசித்திரம் பாருங்கள், அதே 1666ல்தான் லியோபோல்ட் பேரரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். வெறும் கெரிக்கே, வான் கெரிக்கே ஆனது அப்போதுதான்.

அவர் தோற்றுப்போன மனிதரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுதந்திர நகரம் என்ற பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் ஐந்நூறு பேர்கூட இல்லாமல் சாம்பலாகக் கிடந்த ஊர், அவர் காலத்தில் மறுபடி வீடும் பாலமும் சந்தையுமாக எழுந்தது. இரண்டாவது தடவை எரியவும் இல்லை. முனிசிபல் நிர்வாகத்தில் இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

சோதனைகளையெல்லாம் புத்தகமாக 1663லேயே எழுதி முடித்திருந்தார். அச்சில் வந்தது 1672ல், ஆம்ஸ்டர்டாமில். அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. அதில் இன்னொரு அதிசயமும் இருந்தது. கந்தகத்தில் ஓர் உருண்டை செய்து, அதைச் சுழற்றிக் கையால் தேய்த்தார். அது இறகை இழுத்தது, பிறகு தள்ளியது, இருட்டில் மினுங்கியது. அவர் அதை மின்சாரம் என்று சொல்லவில்லை. பூமிக்கு இருக்கிற ஈர்க்கும் சக்தி, தள்ளும் சக்தி முதலியவற்றுக்கு மாதிரியாகத்தான் அதைக் கருதினார். ஆனால் பின்னால் வந்த உராய்வு மின் எந்திரங்களுக்கு முன்னோடி என்று அந்த உருண்டையைச் சொல்கிறார்கள்.

புத்தகம் வருவதற்கு முன்பே கருவிகளின் புகழ் பரவிவிட்டது. மைன்ஸ் பேராயர் அவற்றை வாங்கி வுர்ஸ்பர்க் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே ஆசிரியராக இருந்த காஸ்பர் ஷாட் 1657ல் ஒரு புத்தகத்தில் அவற்றை விவரித்தார். அதைப் படித்த இங்கிலாந்தின் ராபர்ட் பாயில், ராபர்ட் ஹூக்கை வைத்து இன்னும் நல்ல பம்பு செய்துகொண்டார். பாயில் விதி அந்த வழியில் வந்ததுதான். பாயிலிடம் வேலை பார்த்த டெனிஸ் பாப்பின் உருளையில் நீராவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்கினார். 1712ல் நியூகாமன் அதே தத்துவத்தில் சுரங்கத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஓட்டினார். அதில் பிஸ்டனைக் கீழே தள்ளியது காற்றின் அழுத்தம், அதாவது மக்டபர்க்கில் ஐம்பது பேரை இழுத்த அதே கை.

எழுபதைத் தாண்டிய பிறகு, பல தடவை கேட்டுப் பார்த்து, ஒரு வழியாகப் பொறுப்பிலிருந்து விடுதலை வாங்கினார். 1681ல் ஊரில் பிளேக் பயம். மனைவியோடு ஹாம்பர்க்கில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். 1686 மே மாதம், எண்பத்து மூன்றாவது வயதில் அங்கேயே காலமானார். மக்டபர்க்கில் 1993ல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அசல் அரைக்கோளங்கள் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நமக்கு என்ன?

கெரிக்கேயின் மேயர் வேலையையும் விஞ்ஞான வேலையையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. கோட்டை கட்டக் கற்ற கணக்கு கோளம் செய்ய உதவியது. ஊரில் தீயணைக்க வைத்திருந்த பீச்சாங்குழல் பம்பாக மாறியது. வழக்குக்காகப் போன பேரரசு மன்றமே சோதனைக்கு மேடையானது. யாரிடம் பேசினாலும் அவர் கண் முன்னால் காட்டி நிரூபிக்க வேண்டும் என்ற பழக்கம், வெறும் வாய்ப்பேச்சால் பலமுறை ஏமாந்த ஒரு நிர்வாகியிடமிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

ஆகவே, ஊராட்சித் தலைவரான சிவில் நண்பரே, உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று நீங்களே போய்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். நகராட்சி எலெக்ட்ரிகல் நண்பரே, தெருவிளக்கு ஃபைலில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம கல்லூரி கொடுத்த படிப்பு சர்டிபிகேட்டோடு முடிந்துவிடவில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது கூடவே வரும், நாம் கூப்பிட்டால்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. அடுத்த சந்திப்புக்கு மெக்கானிக்கல் லேபில் இரண்டு அரைக்கோளங்களும் ஒரு வேக்குவம் பம்பும் ஏற்பாடு செய்யலாம். குதிரைக்கு எங்கே போவது என்று கவலை வேண்டாம். ஹாஸ்டல் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்த சீனியர்கள் ஒரு பக்கம், ஜூனியர்கள் ஒரு பக்கம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். வால்வைத் திறக்கிற வேலை அவர்களுக்கு.

– ஒரு பழைய மாணவன், இயந்திரவியல் பிரிவு